குரலே சொல்லிவிடும்

என் தங்கையின் குரல் உடைந்தபோது நான் இசை அறைக்கு வெளியே வராந்தாவில் நின்றிருந்தேன். கதவு சாத்தியிருந்தாலும் எல்லாம் கேட்டது. பாட்டின் முதல் இரண்டு வரிகளும் ஒழுங்காக வந்தன. மூன்றாவது வரி மேலே ஏறும். வீட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டே அவள் அலட்சியமாக ஏறி இறங்கும் வரி அது. அன்று பாதி ஏற்றத்தில் குரல் கீச்சென்று கிழிந்து, வெறும் காற்றாகி, நின்றுவிட்டது. உள்ளே யாரோ ஒருத்தி சிரித்தாள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். கைதட்டும் ஒலியும், "அமைதி, அமைதி" என்ற குரலும் கேட்டன.

அந்தக் குரலுக்குச் சொந்தக்காரர் பள்ளியின் இசை ஆசிரியர். பிள்ளைகள் அவரை அமைதி சார் என்பார்கள். ஆண்டு விழாவில் பாடுவதற்கான தேர்வு அது. விழாவில் பாடுகிறவர்கள்தான் அடுத்த வகுப்பில் இசையைப் பாடமாக எடுக்கலாம் என்பது பள்ளியின் விதி. மற்றவர்களுக்குக் கணக்குப் பதிவியல். என் தங்கைக்கு இசைதான் வேண்டும். அவள் வேறு எதையும் இவ்வளவு பிடிவாதமாகக் கேட்டதில்லை.

கதவைத் திறந்து வந்தவள் என்னைப் பார்க்காமல் படியிறங்கிப் போனாள். பின்னாலேயே போயிருக்க வேண்டும். ஆனால் அன்று எனக்கு அதே அறையில் மாலை வகுப்பு இருந்தது. பகலில் நான் கண்ணாடிக் கடையில் லென்ஸ் வெட்டுகிறேன். வாரத்தில் இரண்டு மாலை, வேலைக்குப் போகிற பெரியவர்களுக்காக அமைதி சார் நடத்தும் கீபோர்டு வகுப்புக்குப் போகிறேன். போகவா, இருக்கவா என்று வராந்தாவிலேயே தயங்கி நின்று, கடைசியில் உள்ளே போனேன். அந்தத் தயக்கத்தால்தான் எனக்கு எல்லாம் தெரியவந்தது.

தேர்வில் கடைசியாகப் பாடியவள் என் தங்கைதான். தேர்வு முடிந்தும் கீபோர்டு அணைக்கப்படாமல் இருந்தது. அதன் சின்னத் திரையில் நான்கு என்ற எண் பச்சையாக ஒளிர்ந்தது. அமைதி சார் வந்து உட்கார்ந்தார். பேசிக்கொண்டே ஒரு பொத்தானை அழுத்தி அந்த எண்ணைப் பூஜ்யமாக்கினார். யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எனக்கும் அப்போது அதன் பொருள் தெரியாது.

வீட்டில் தங்கை திரைச்சீலைக்குப் பின்னால் படுத்திருந்தாள். அம்மா என்னிடம் கண்ணால் கேட்டாள். நான் இல்லை என்று தலையை ஆட்டினேன்.

"தொண்டை கட்டியிருந்ததாடி?" என்றாள் அம்மா, திரைச்சீலையைப் பார்த்து.

"இல்ல."

"பயமா?"

"பயமும் இல்ல, ஒண்ணும் இல்ல. எனக்குக் குரலே இல்ல. போதுமா?"

அதன்பிறகு அவள் வீட்டில் பாடவில்லை. பாத்திரம் கழுவும்போது தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்டது. பள்ளியில் அவளுக்கு விசில் என்று பெயர் வைத்துவிட்டார்கள் என்பதைப் பக்கத்து வீட்டுப் பெண் சொல்லித்தான் தெரிந்துகொண்டோம். அவள் நடந்து போகும்போது பின்னாலிருந்து யாராவது கீச்சென்று ஒலி எழுப்புவார்களாம். அவள் திரும்ப மாட்டாளாம்.

அடுத்த வாரம் மாலை வகுப்பில் அமைதி சார் அந்தப் பொத்தானைப் பற்றிச் சொல்லிக்கொடுத்தார். அது சுருதியை மாற்றும் பொத்தான். வாசிக்கிறவர் அதே கட்டைகளைத்தான் தொடுவார். ஆனால் ஒவ்வோர் அழுத்தலுக்கும் அரைச் சுரம் என்று பாட்டு முழுவதும் மேலே ஏறும். "பாடறவங்க குரலுக்குத் தகுந்த மாதிரி வச்சுக்கலாம். எந்த சுருதி வேணும்னு முதல்ல கேட்டுக்கணும். அதுதான் மரியாதை" என்றார்.

நான்கு அழுத்தல். தங்கையை எந்தச் சுருதி என்று யாரும் கேட்கவில்லை. வீட்டுக்குப் போனதும் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டேன்.

"கேட்கல. வாசிச்சாரு, நான் ஆரம்பிச்சேன். ஏன்?"

"சும்மாதான்."

எனக்கு எதையும் உடனே நம்பத் தெரியாது. ஒரு லென்ஸை வெட்டினால் அளவுகோலில் வைத்துப் பார்த்த பிறகும் சட்டத்தில் ஒருமுறை பொருத்திப் பார்க்கிற ஆள் நான். அதனால் இதிலும் அவர் பக்கம் நின்று யோசித்தேன். அவளுக்கு முன்னால் பாடியவள் மேல்சுருதிக்காரியாக இருந்திருக்கலாம். அவளுக்காக ஏற்றியவர் இறக்க மறந்திருக்கலாம். மறதி யாருக்கும் வரும். வேண்டுமென்றே செய்வதற்கு அவருக்கு என்ன பகை இருக்க முடியும்?

ஒரு காரணம் இருந்தது. பாட்டு வகுப்பில் என் தங்கை ஒருநாள் எழுந்து, "ஏன் சார் எப்பவும் அதே அஞ்சு பேரே மேடைல பாடறாங்க?" என்று கேட்டிருக்கிறாள். அமைதி சார் சிரித்துக்கொண்டே, "நல்ல கேள்வி, உட்காரு" என்றாராம். அதைப் பெருமையாக அவளே வீட்டில் வந்து சொன்னாள். சார் கோபப்படவே இல்லை என்பதுதான் அவளுக்குப் பெருமை.

இருந்தாலும் சந்தேகத்தை வைத்துக்கொண்டு ஒருவர்மேல் பாய முடியாது. காத்திருந்தேன். வகுப்பில் அவர் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் அதை என் ஆர்வம் என்று எடுத்துக்கொண்டு, "இந்தப் பொண்ணைப் பாருங்க, கண்ணு கையை விட்டு நகரவே இல்ல" என்று மற்றவர்களிடம் சொன்னார்.

விழாவில் மாலை வகுப்புக்கும் ஒரு பாட்டு ஒதுக்கியிருந்தார்கள். எங்கள் வகுப்பிலிருந்த தையல்காரர் ஒருவர் பாட ஆசைப்பட்டார். தடித்த உடம்பு, தரையோடு ஓடும் குரல், எதற்கெடுத்தாலும் ஒரு கேலி. கடைக்கு வருகிறவர்கள் எல்லோரிடமும் இப்போதே சொல்லி வைத்திருந்தார்.

"வந்து பாடிக் காட்டுங்க" என்றார் அமைதி சார்.

அவர் எழுந்து முன்னால் வருவதற்குள் அது நடந்தது. அமைதி சாரின் இடது கட்டைவிரல், வாசிக்கத் தொடங்குவதற்கு முன், அந்தப் பொத்தானை அழுத்தியது. ஒன்று. இரண்டு. மூன்று. திரையில் பச்சை எண் மாறியது. தையல்காரரிடம் எந்தச் சுருதி என்று கேட்கவில்லை. முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. கதவைச் சாத்துகிற மாதிரி செய்தார்.

தையல்காரர் பாடினார். ஏறும் இடத்தில் அவர் கழுத்து நீண்டது, குதிகால் எழும்பியது, குரல் முறிந்தது. தானே முதலில் சிரித்துவிட்டார்.

"அளவு எடுக்காம தைச்ச சட்டை மாதிரி இருக்கு சார். தொண்டைப் பக்கம் பிடிக்குது."

"பரவால்ல, பரவால்ல. அடுத்த வருஷம் பார்க்கலாம்."

"அடுத்த வருஷம் துணி இன்னும் சுருங்கிடும் சார்" என்று சொல்லிக்கொண்டே போய் உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகு அவர் சிரிக்கவில்லை. தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எல்லோரும் போன பிறகு கீபோர்டுக்கு உறை போட நான் நின்றேன். அமைதி சார் குடையை எடுத்துக்கொண்டு, நல்ல மனநிலையில் இருந்தார்.

"பாவம், அவரே புரிஞ்சுக்கிட்டாரு. இத்தனை வருஷத்துல நான் யாரையும் வேண்டாம்னு சொன்னதில்லம்மா. எனக்கு அந்தப் பாவம் எதுக்கு? அவங்கவங்க குரலே சொல்லிடும்."

"ஆமா சார்" என்றேன்.

பேருந்தில் இருக்கை கிடைத்தும் நான் உட்காரவில்லை. இத்தனை ஆண்டுகளில் எத்தனை பிள்ளைகள் தங்களுக்குக் குரல் இல்லை என்று நம்பிக்கொண்டு அந்தப் படியிறங்கிப் போயிருப்பார்கள். அடித்திருந்தால் வலித்திருக்கும், திட்டியிருந்தால் கோபம் வந்திருக்கும், இரண்டும் ஒருநாள் ஆறிப்போயிருக்கும். இவர் அவர்களையே அவர்களுக்கு எதிராகச் சாட்சி சொல்ல வைத்துவிட்டார். தலைமை ஆசிரியையிடம் போய்ச் சொல்லலாமா என்று யோசித்தேன். என்ன சொல்வது? ஒரு பொத்தானை அழுத்தினார் என்றா? அவர், "சுருதி வைக்கறது என் வேலைம்மா" என்பார். கீபோர்டில் தத்தித் தத்திப் போகிற நான் தலைகுனிந்து வெளியே வருவேன்.

அவர் குரலும் உடைய வேண்டும். சிரித்தவர்கள் எல்லோரும் இருக்கிற இடத்தில் உடைய வேண்டும். இதை நினைத்ததும் எனக்கு வெட்கமாக இல்லை. பசி எடுத்தது. வீட்டுக்குப் போய் நன்றாகச் சாப்பிட்டேன்.

வழியை அவரே திறந்துவிட்டார். விழாவின் கடைசி நிகழ்ச்சியாக அவரே பாட வேண்டும் என்று தலைமை ஆசிரியை கேட்டிருந்தார். பாடும்போது தானே வாசிக்க முடியாது. நன்றாக வாசிக்கிற மாணவர்கள் இரண்டு பேர் இருந்தார்கள். அவர் என்னைக் கூப்பிட்டார். "உனக்குத் திறமை கம்மிதான்மா. ஆனா ஒழுங்கு இருக்கு. சொன்னதை மட்டும் வாசிப்ப. இந்தப் பசங்க நடுவுல தன் வித்தையைக் காட்டிடுவானுங்க."

"சரி சார்."

அவர் சொன்னது உண்மை என்பதுதான் எரிச்சல். என்னிடம் ஒழுங்கு மட்டும்தான் இருக்கிறது. அதை வைத்தே செய்தேன். ஒத்திகையில் அவர் பாட்டை ஒவ்வொரு வரியாகக் கவனித்தேன். எந்த இடத்தில் தாடையை இறக்குகிறார், எங்கே ஒலிவாங்கியைத் தள்ளிப் பிடிக்கிறார், உச்ச வரியில் எவ்வளவு மிச்சம் வைத்திருக்கிறார். மிச்சம் அதிகம் இல்லை. இரண்டு ஏற்றினால் சமாளித்துவிடுவார். நான்கு ஏற்றினால் முதல் வரியிலேயே கண்டுபிடித்து, "ஒரு நிமிஷம்" என்று சிரித்து நிறுத்திவிடுவார். மூன்று. பாட்டின் தொடக்கம் தாழ்வானது. அங்கே மூன்று ஏறினாலும் தொண்டை நோகாது. ஏறத் தொடங்கிய பிறகு நிறுத்த மானம் இடம் கொடுக்காது.

கடைசி வாரம் எனக்குச் சந்தேகம் வந்துகொண்டே இருந்தது. கை தவறி நான்கு அழுத்திவிட்டால்? எண்ணை அவர் பார்த்துவிட்டால்? இன்னொன்றும் வந்தது: நான் அவரைப் போலவே ஆகிவிடுகிறேனா? இதை நேர்மையாக யோசித்துப் பார்த்தேன். ஆகிறேன் என்றுதான் பதில் கிடைத்தது. கடையில் ஒரு லென்ஸைப் பாழாக்கி முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். முடிவு மாறவில்லை.

விழா நாளில் அரங்கு நிறைந்திருந்தது. முன்வரிசையில் தலைமை ஆசிரியை, அடுத்துப் பெற்றோர்கள், பின்வரிசைகளில் பாடத் தேர்வாகாத பிள்ளைகள். அவர்களுக்கு நாற்காலி அடுக்குகிற வேலை கொடுத்திருந்தார்கள். என் தங்கை கடைசி வரிசையில் இருந்தாள். அவளிடம் நான் எதுவும் சொல்லியிருக்கவில்லை. அம்மாவும் தையல்காரரும் நடுவில் ஒரே வரிசை.

வழக்கமான ஐந்து பேர் பாடினார்கள். நன்றாகத்தான் பாடினார்கள், பொய் சொல்லக் கூடாது. ஒவ்வொருவரிடமும் அமைதி சார் குனிந்து, "சரியா இருக்காம்மா சுருதி?" என்று கேட்டதை நான் மேடை ஓரத்திலிருந்து பார்த்தேன். அதைப் பார்த்த பிறகு எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை.

அவர் முன்னால் வந்து சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டு கூட்டத்தை வணங்கிய நேரத்தில் பொத்தானை அழுத்தினேன். ஒன்று. இரண்டு. மூன்று. வாசித்தேன்.

முதல் வரி அழகாக இருந்தது. வழக்கத்தைவிடப் பிரகாசமாகவே இருந்தது. இரண்டாவது வரியின் முடிவில் அவர் தோள் ஒரு சின்ன அளவு உயர்ந்தது. அவருக்குத் தெரிந்துவிட்டது. திரும்பி என்னைப் பார்த்தார். நான் கட்டைகளைப் பார்த்துக்கொண்டு, சொன்னதை மட்டும் வாசித்தேன். அந்த நொடியில் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. தன் குரல்மேல் அவருக்கு இருந்த நம்பிக்கை அப்படி.

மூன்றாவது வரியில் ஏறினார். கழுத்து நரம்பு புடைத்தது. ஒலிவாங்கியைத் தள்ளிப் பிடித்தார். உச்சத்துக்கு முந்தைய சுரத்தில் குரல் இரண்டாகப் பிளந்து, ஒரு பாதி கீச்சென்றது, மறுபாதி இல்லாமலேயே போயிற்று. கீழே இறங்கிப் பிடிக்கப் பார்த்தார். கீழேயும் எதுவும் இல்லை.

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும். பழக்கதோஷத்தில் அவர் கை உயர்ந்து தட்டியது. "அமைதி" என்ற சொல்லும் பிசிறித்தான் வந்தது. சிரிப்பு இரட்டிப்பானது.

எனக்கு உள்ளே ஏதோ தேனாக இறங்கியது. அதை மறைத்து எழுத எனக்கு விருப்பமில்லை.

அவர் என்னிடம் வந்தார். ஒலிவாங்கி அவர் கையில் இருந்தது. அதை அவர் மறந்துவிட்டார்.

"எவ்வளவு வச்சிருக்க?"

"மூணு சார்."

அது அரங்கு முழுக்கக் கேட்டது. அவர் கூட்டத்தின் பக்கம் திரும்பினார். முகம் சிவந்திருந்தது. ஆனால் நியாயம் தன் பக்கம் என்ற தைரியம் வந்துவிட்டது.

"கேட்டீங்களா? மூணு ஏத்தி வச்சிருக்காங்க. மூணு ஏத்தினா எப்பேர்ப்பட்ட குரலும் உடையத்தான் செய்யும். இது பாடறவங்க தப்பு இல்ல. வாசிக்கறவங்க பண்ற வேலை."

நான் எந்தத் திட்டத்திலும் இதை எழுதிவைக்கவில்லை. அவரே சொன்னார். தன்னைக் காப்பாற்றிக்கொள்வதற்காக, ஒலிவாங்கியில், தெளிவாகச் சொன்னார்.

தையல்காரர் எழுந்தார். இடுப்பளவு என்ன என்று கேட்பதுபோல நிதானமாகக் கேட்டார்.

"அப்போ எனக்கு எத்தனை ஏத்துனீங்க சார்?"

"என்ன?"

"நான் பாடினேனே. நீங்கதானே வாசிச்சீங்க. எனக்கும் இதே மாதிரிதான் உடைஞ்சுது. எத்தனை?"

அமைதி சார் ஒலிவாங்கியைக் கீழே இறக்கினார். பின்வரிசையில் ஒரு பெண்பிள்ளை எழுந்து, "எனக்கு சார்?" என்றாள். பக்கத்தில் இன்னொருத்தி எழுந்தாள். "சார், போன வருஷம் எனக்கு?" நாற்காலிகள் நகரும் ஒலி கேட்டது. பெற்றோர்கள் தங்கள் பிள்ளைகளைத் திரும்பிப் பார்த்தார்கள். தலைமை ஆசிரியை எழுந்து, முதல்முறையாக அந்தக் கீபோர்டைக் கிட்டத்தில் பார்க்க விரும்புகிறவரைப் போல மேடையை நோக்கி வந்தார். நான் பொத்தானைத் தொடவில்லை. எண் அப்படியே ஒளிர்ந்துகொண்டிருந்தது.

அன்று வீட்டில் தங்கை பாத்திரம் கழுவ, நான் துடைத்தேன்.

"அவர் மூஞ்சி எப்படி இருந்துச்சுன்னு சொல்லு. எனக்குக் கடைசி வரிசை, சரியாத் தெரியல."

சொன்னேன்.

"இன்னொரு தடவை."

இன்னொரு தடவை சொன்னேன். உடைந்த இடத்தை நடித்தும் காட்டினேன். கையில் சோப்பு நுரையோடு அவள் சுவரில் சாய்ந்து சிரித்தாள். "நீ இப்படி ஒரு ஆளுன்னு எனக்குத் தெரியாதே அக்கா. பார்த்தா பூனை மாதிரி இருக்க." அம்மா உள்ளேயிருந்து, "பண்றதையும் பண்ணிட்டு இளிப்பு வேறயா" என்றாள். அவளும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.

"நீ ஏன் எழுந்து கேட்கல?" என்றேன்.

"கேட்டா அழுதுடுவேன். அவர் முன்னாடி அழ மாட்டேன்."

தலைமை ஆசிரியை இசைப் பாடத்துக்கு மறுதேர்வு வைத்தார். வேறொரு பள்ளியிலிருந்து ஓர் ஆசிரியை வாசிக்க வந்தார். ஒவ்வொரு பிள்ளையும் தன் சுருதியைத் தானே சொல்ல வேண்டும். அமைதி சாரும் உள்ளே இருக்க வேண்டும், ஆனால் பேசக் கூடாது என்று உத்தரவு. நான் கடையில் அனுமதி கேட்டு வந்து, அதே வராந்தாவில் நின்றேன். கதவில் ஒரு கண்ணாடிச் சதுரம் உண்டு. கடைசி நாற்காலியில் அவர் கைகளை முழங்காலில் வைத்து உட்கார்ந்திருப்பது அதன் வழியாகத் தெரிந்தது.

தங்கையின் முறை வந்தது. முதல் இரண்டு வரிகளும் சரி. மூன்றாவது வரியில் ஏறினாள். உடையவில்லை. ஆனால் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குக் கொஞ்சம் கீழேயே நின்றுவிட்டாள். மறுபடி முயன்றாள். மறுபடியும் அதே இடம். யாரும் சிரிக்கவில்லை. அதுதான் கேட்கக் கஷ்டமாக இருந்தது.

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். ஒரு சிரிப்பைத் தேடினேன். உதட்டோரத்தில் ஒரு கோணல் இருந்தால்கூடப் போதும். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிரித்திருந்தால் எனக்கு எவ்வளவு வசதியாக இருந்திருக்கும்.

பெயர்களை வாசித்தார்கள். நாற்காலி அடுக்கியவர்களில் நான்கு பேர் புதிதாகத் தேர்வானார்கள். அவள் பெயர் வரவில்லை.

வெளியே வந்தவள் இந்த முறை என்னைத் தேடி வந்து நின்றாள். கண் சிவந்திருந்தது. குரல் நிதானமாக இருந்தது.

"அந்த அம்மா எத்தனை வச்சாங்க?" என்றேன்.

"நான் சொன்னதுதான். நானே பார்த்தேன். பூஜ்யம்."

"பொத்தானை வேற யாராவது..."

"அக்கா." அவள் என் கையைப் பிடித்தாள். "சுருதி விலகுச்சு. எனக்கே கேட்டுச்சு. இவ்வளவு நாள் பாடவே இல்லையே."

"பாடாம இருந்ததுக்குக் காரணம் யாரு? அந்த ஆளு. அதையும் சேர்த்து..."

"பாடாம இருந்தது நான்தான். வாயை யாரும் கட்டலையே."

"அப்படி விட்டுட முடியாது. தலைமை ஆசிரியைகிட்ட நான் பேசறேன்."

"என்னன்னு? நல்லாப் பாடாதவளைச் சேர்த்துக்கங்கன்னா?"

உள்ளே புதிதாகத் தேர்வான ஒருத்தி அதே பாட்டை மறுபடி பாடத் தொடங்கியிருந்தாள். என் தங்கை தலையைச் சாய்த்துக் கேட்டாள். ஏறும் வரி வந்ததும் அவள் உதடு தானாக அசைந்தது. சத்தம் இல்லை. ஆனால் எந்த இடத்தில் தவறவிட்டாள் என்று அவள் கண்டுபிடித்துவிட்டது முகத்தில் தெரிந்தது.

"நான் முன்னாடி போறேன். வழியில பாடிப் பார்க்கணும். நீ பக்கத்துல வந்தா எனக்குக் கூச்சமா இருக்கும்" என்றாள். "அஞ்சு நிமிஷம் கழிச்சு வா."

அவள் படியிறங்கினாள். நான் கதவுக்குப் போய்க் கண்ணாடிச் சதுரத்தில் முகத்தை வைத்து, அமைதி சார் சிரிக்கிறாரா என்று இன்னொரு முறை பார்த்தேன்.